மூன்று துவக்குகளுக்குக் கீழே

அகிலன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கீழே இறங்கிப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பல் துலக்கவில்லை. இரவுச் சட்டைக்கு மேல் உன் அப்பாவின் குளிர்சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு போனேன். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று எனக்குத் தெரியும். நேற்று மத்தியானமே அந்தப் பெட்டியை நான்தான் வெறுமையாக்கினேன். ஆனாலும் சாவியைத் திருப்பி, கையை உள்ளே விட்டு, மூலைவரை தடவிப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. மஞ்சள் உறை இல்லை. நீ இந்த நாட்டில் பிறந்தவன், மஞ்சள் உறை உனக்கு வெறும் கடிதம். நாங்கள் வந்த புதிதில் நீதிமன்றத்தின் தீர்ப்பும், நாட்டை விட்டுப் போ என்ற கட்டளையும் அந்த உறையில்தான் வந்தன. அதைத் திறந்து வாசித்துச் சொல்வது வீட்டில் ஜேர்மன் தெரிந்த ஒரே ஆளான என் வேலை. அது பதினொரு வயதில் தொடங்கிப் பதினான்கு வயதுவரை நடந்தது. இப்போது நாற்பத்தேழு. இத்தனை வருடங்களாக மறந்திருந்த அந்தப் பயம் வெள்ளிக்கிழமை பின்னேரம் உன் குரல்செய்தியோடு திரும்பி வந்துவிட்டது.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். நான் அதைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன். "அம்மா, கேளுங்கோ, நம்பவே மாட்டீங்கள். அம்மப்பான்ர பழைய ஃபைலுக்குள்ளை ஒரு கடிதம் கிடைச்சிருக்கு. ஆமிக்காரர் அம்மப்பாவுக்கும் மற்ற ஆக்களுக்கும் செய்தது அப்பிடியே நான் படிக்கிற அந்தச் சம்னியர் ரோமருக்குச் செய்ததுதான். அப்பிடியே அம்மா! அது வரலாற்றாசிரியர் கட்டின கதையெண்டு இங்கை யூனியிலை எல்லாரும் சொல்லுகினம். இப்ப என்னட்டைச் சாட்சி இருக்கு, அதுவும் உயிரோடை." பிறகு சிரித்தாய். "செவ்வாய்க்கிழமை கருத்தரங்குக்கு அம்மப்பாவையும் கூட்டிக்கொண்டு போறன். ஓம் எண்டுட்டார். கோட் கூட எடுத்து வெளியிலை கொழுவிட்டாராம்." அதற்குப் பதிலாக நான் உனக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குசினியில் அடுப்பை அணைத்தேன். உன் அப்பா வந்து, "என்னப்பா, முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

அகிலன், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் நீ கண்ட காட்சி அம்மப்பாவுக்கு நடந்தது அல்ல. மூன்று துவக்குகளை, இராணுவத் துப்பாக்கிகளை, நட்டு, ஒற்றை உடுப்போடு ஆண்களைக் குனிந்து போகச் செய்த அந்தக் காட்சியை எழுதியவள் நான். என் லத்தீன் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தேன். எனக்கு அப்போது பதினான்கு வயது.

நான் லத்தீன் படித்ததே என் அப்பாவின், உன் அம்மப்பாவின், ஒரு பிழையால்தான். கொலோன் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் யாரோ ஓர் அண்ணை அவருக்குச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து, "டொக்டராக வேணுமெண்டால் லத்தீன் கட்டாயமாம் பிள்ளை, மருந்துப் பேரெல்லாம் அதிலைதானாம்" என்று என்னைச் சேர்த்துவிட்டார். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜேர்மனியின் மதிலைத் தாண்டி மேற்குப் பக்கம் வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஜேர்மனையே பயந்து பயந்து பேசிய பிள்ளை நான். ஆனால் லத்தீன் வகுப்பில் எல்லோரும் சமம். ஒருவருக்கும் அது தாய்மொழி இல்லை, ஒருவரும் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அதனால் அதை நான் நேசித்தேன். அந்த வருடம் புத்தகத்தில் வந்ததுதான் உன் சம்னியரின் கதை. உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் படித்த விதத்தில் சொல்கிறேன், ஏனென்றால் நான் களவெடுத்தது அதைத்தான். இத்தாலியின் நடுவே மலைகளில் வாழ்ந்த சம்னியர் என்ற மக்கள், ரோமப் படை ஒன்றை ஒடுங்கிய கணவாய்க்குள் வரவிட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். கொல்லவில்லை. இரண்டு ஈட்டிகளை நட்டு, குறுக்கே ஒன்றைக் கட்டி, நுகம் மாதிரிச் செய்து, ஆயுதத்தையும் உடுப்பையும் களைந்து, ஒவ்வொருவரும் ஒற்றை உடுப்போடு அதன் கீழே குனிந்து போகவேண்டும் என்கிறார்கள். முதலில் தளபதிகள், பிறகு படை. சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். முகத்தைச் சுளித்தவனை வாளால் தட்டுகிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கோட்டுப்படமும் இருந்தது. படத்தில் குனிந்திருந்த மனிதனின் முதுகை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் எங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்தது. வழக்கறிஞர் ஒரு நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பார். அப்பாவின் முதல் விசாரணைப் பதிவை மேசையில் போட்டு, இதில் ஒன்றுமே இல்லை என்றார். இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, மூன்று நாள் முகாமில் வைத்திருந்தது, அடித்தது, விட்டது. "எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று விபரமாக எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பாவுக்கு அதை மொழிபெயர்த்தவளும் நான்தான். வளர்ந்தவர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளின் கையில் எழுதக் கொடுப்பது அப்போது எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் நடந்தது. அது ஒரு பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் சொன்னார்கள்.

அப்பா குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்தார். நான் கொப்பியைத் திறந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் பிடித்தது, கண்ணைக் கட்டியது, வாகனத்தில் ஏற்றியது எல்லாம் சொன்னார். முகாமின் வாசல் வரை சொன்னார். "உள்ளை கொண்டு போனாங்கள். பிறகு..." என்று நிறுத்தினார். நான் பேனையோடு காத்திருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், திரும்பவில்லை. "பிறகு என்னெண்டு எழுதிறது அப்பா?" என்று கேட்டேன். அவர் மேசை விரிப்பில் இருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை நகத்தால் சுரண்டினார். நான் மறுபடி கேட்டேன். என்னை மன்னிக்க முடியாத இடம் இதுதான் அகிலன், மறுபடி கேட்டேன். "அடிச்சவங்களோ அப்பா? எப்பிடி அடிச்சவங்கள்? எத்தினை பேர்?" அவர் எழும்பினார். "ஏதாவது எழுது பிள்ளை. நீ படிச்சனிதானே" என்றார். வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார். நான் எழுதினேன். ஈட்டியைத் துவக்கு ஆக்கினேன், மலைக்கணவாயை முகாம் முற்றம் ஆக்கினேன். ஒற்றை உடுப்பை இடுப்பில் கட்டும் சாரம் ஆக்கினேன், தளபதிகளை வாத்தியாரும் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும் ஆக்கினேன். சுற்றி நின்று சிரித்தவர்களை அப்படியே விட்டுவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் உனக்குச் சொல்லவேண்டும்.

ஆனால் கடிதம் மட்டும் போதாது, நீதிமன்றத்தில் அப்பா தன் வாயால் அதையே சொல்லவேண்டும், எழுத்துக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று வழக்கறிஞர் எச்சரித்தார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் நான் அவரைப் பாடம் கேட்டேன். "அப்பா, எத்தினை துவக்கு?" "மூண்டு." "எப்பிடி?" "ரெண்டு நட்டது, ஒண்டு குறுக்கை." "உடுப்பு?" "சாரம் மட்டும்." "முதல் ஆர் போனது?" "விதானையார்." "பிழை அப்பா! முதல் வாத்தியார், பிறகுதான் விதானையார்!" ஒரு நாள் அவர் சிரித்துவிட்டு, "உன்ர ரீச்சரைவிட நீ மோசம்" என்றார். நானும் சிரித்தேன். நீதிமன்றத்தில் அவர் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். குனிந்து காட்டினார். நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சில வாரங்களில் மஞ்சள் உறை வந்தது, எங்களை ஏற்றுக்கொண்டதாக. அம்மா பாயசம் வைத்தார். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

உனக்கு ஏழு வயதில் நான் அந்தச் சம்னியர் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அது என் வாய்க்குள் எப்போதும் இருந்தது. அடுத்த நாள் நீ விறாந்தையில் கூட்டுகிற தும்புத்தடியையும் குடையையும் சுவரோடு சாய்த்து, குறுக்கே உன் அப்பாவின் மீன்பிடித் தடியை வைத்து, "அம்மா, நீங்கள் ரோமன். குனிஞ்சு வாங்கோ" என்றாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் உன்னை அடித்ததில்லை. நீ அழவில்லை, என்ன பிழை செய்தாய் என்று தெரியாமல் என்னைப் பார்த்தபடி நின்றாய். தடி விழுந்து பூச்சாடி உடையும், அதனால்தான் என்றேன். அங்கே பூச்சாடியே இருக்கவில்லை. உனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. நீ அந்த மக்களையே பாடமாக எடுத்தபோது எல்லோரும் உனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று வியந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பாடத்தை மாற்றிவிடுவாய் என்று ஒவ்வொரு வருடமும் ரகசியமாக எதிர்பார்த்தேன்.

என் தொழிலும் உனக்குத் தெரியும். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். அடைக்கலம் கேட்டு வருபவர்களின் விசாரணைகளில் அவர்கள் பக்கத்தில் இருந்து, கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று கையெழுத்திட்டவள். பல அறைகளில் பல மனிதர்கள் "பிறகு..." என்று சொல்லி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். நான் அதிகாரியிடம் "பிறகு" என்பதை மட்டும் ஜேர்மனில் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உண்மை வெளியே வந்தால், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் அந்த அறைகளுக்குள் போக முடியாமல் போகலாம். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்த ஒவ்வொருவரின் வார்த்தையையும் யாராவது மறுபடி எடுத்துச் சந்தேகத்தோடு பார்க்கலாம். நீ சட்டம் சொல்வாய். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது அம்மா" என்பாய். இருக்கலாம். என் பயம் சட்டம் வாசித்து வருவதில்லை. எங்கள் ஆட்கள் கதை கட்டுகிறவர்கள் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் அகிலன். நான் உண்மையைச் சொன்னால் அவர்கள் கையில் ஆதாரத்தை, அதுவும் நம் வீட்டிலிருந்தே கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மறுபக்கம், நான் பேசாமல் இருந்தால், நீ உன் முதல் பெரிய வேலையை ஒரு பொய்யின் மேல் நிறுத்துவாய். உன் பேராசிரியர்கள் கெட்டிக்காரர்கள். யாராவது ஒருவர் அந்தக் கடிதத்தின் வரிசையையும் லத்தீன் பாடத்தின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். முதலில் தலைவர்கள், பிறகு மற்றவர்கள், பிறகு சிரிப்பு, பிறகு முகம் சுளித்தவனுக்கு அடி. அப்போது உன்னையும் கிழவனையும் சேர்த்துக் கேட்பார்கள். அம்மப்பா, எழுபத்தேழு வயதில், கோட்டோடு, மறுபடியும் ஒரு மேசைக்கு முன்னால்.

அவர் இப்போது அதை நம்புகிறாரா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு வருடமும் கொலோன் மண்டபத்தில் நினைவு நாளன்று அவரைப் பேசச் சொல்வார்கள். அவர் மூன்று துவக்குகளைச் சொல்லும்போது கையைத் தலைக்கு மேல் பிடித்துக் குனிவார், குரல் உடையும், சபையில் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நான் எழும்பிப் போய்த் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவேன். நடிப்பவர் அப்படிக் குனிவதில்லை என்று தோன்றும். நானே ஓதிக் கொடுத்த ஒன்றை அவர் உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டதோ என்று நடுங்குவேன். நேற்று மத்தியானம் அவரிடம் போனேன். கோட் கதவில் கொழுவியிருந்தது, சப்பாத்தும் மினுக்கி வைத்திருந்தார். "பேரன் என்னைப் புரொபெசர்மாருக்குக் காட்டப் போறானாம். இலவசமாச் சாப்பாடும் இருக்காம்" என்றார். பகிடி விட்டால் அவருக்குப் பயம் என்று அர்த்தம். நான் முன்னால் இருந்து, "அப்பா, அந்தத் துவக்குக் கதை... அது நடந்ததோ?" என்று கேட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "நீதானே எழுதினனி. பிறகேன் கேக்கிறாய்?" என்றார். சப்பாத்தை நேராக வைத்துவிட்டு, "எனக்கு அது போதும் பிள்ளை. நல்லா எழுதினனி" என்றார். பிறகு தேத்தண்ணி போடச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் எனக்கு விளங்கியது. அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் அந்த மூன்று நாட்களின் மேல் போட்டு மூடி வைத்திருக்கிறார். மண்டபத்தில் அவர் அழுதது பொய்யல்ல. அடியில் கிடப்பதற்காக அழுதிருக்கிறார், எங்கள் காதில் விழுந்தது துவக்குக் கதை. நீ செவ்வாய்க்கிழமை அவரைப் பேச எழுப்பிவிட, யாராவது ஒரு பேராசிரியர் அந்த மூடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றும் எனக்கு இல்லை. எனக்கு இருக்கிற எல்லாப் பயங்களிலும் அதுதான் பெரியது.

உன் வரலாற்றாசிரியர்களைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் செய்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்தக் கணவாய்க் கதையை எழுதியவர் அது நடந்து ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்குப் பிறகு, தோற்ற படையின் பேரப்பிள்ளைகள் உலகத்தையே ஆளும்போது, ஓர் அறையில் இருந்து எழுதினார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். வென்ற சம்னியரிடமிருந்து அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அவர்கள் விட்டுப்போனவை கல்லிலும் வெண்கலத்திலும் சில பெயர்கள், சில காணிக்கைகள் மட்டும் என்றும் சொன்னாய். அவர் கட்டினாரா, கேட்டாரா என்று நீங்கள் சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கு இப்போது வேறொரு மனிதன்தான் கண்ணில் நிற்கிறான். அந்தக் கணவாயிலிருந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் கேட்டபோது, ஊர் எல்லைவரை சொல்லிவிட்டு நிறுத்தியவன். அவன் நிறுத்திய இடத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஈட்டியை நட்டிருக்கலாம். நீ எழுதும்போது அந்த இடத்தை நிரப்பாதே ராசா. இங்கே ஒருவர் பேச்சை நிறுத்தினார் என்று எழுது. அதற்கு உங்கள் துறையில் மதிப்பெண் உண்டோ தெரியாது.

இதை வாசித்ததும் நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். அதற்கும் பயப்படுகிறேன். நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, சாட்சிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, கடிதத்தைத் திரும்ப அந்த ஃபைலுக்குள் வைத்துவிடுவாய். உன் தலைப்பைச் சின்னதாக்கிக் கொள்வாய். ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்போது என் வேலை தப்பும், ஆனால் நான் பதினான்கு வயதில் தூக்கியதை நீ இருபத்து மூன்றில் தூக்கத் தொடங்குவாய். வீட்டுக்காக ஒன்றை மறைத்து வைத்திருப்பது எப்படி ஒருவரைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். அதை உனக்குத் தரமாட்டேன்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அம்மப்பா வரமாட்டார். நாளைக்கு அவரிடம் போய், "நீங்கள் போகவேண்டாம் அப்பா, நான் போறன்" என்று மட்டும் சொல்லப்போகிறேன். அவர் ஏன் என்று கேட்கமாட்டார். நீ சாட்சியை அழைக்கும் இடத்தில் நான் எழும்புவேன். என் பெயரையும் தொழிலையும் சொல்லி, இந்தக் கடிதத்தை எழுதியவள் நான், அந்த நுகம் என் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது என்று ஜேர்மனில் சொல்வேன். அந்த மூன்று நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் தெரியாது என்பேன், அது உண்மை. புதன்கிழமை என் சத்தியத்தைப் பதிந்து வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் இதையே எழுதி அனுப்புவேன். விடுப்புக் கேட்டாயிற்று, காரணம் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன், ஒரு வழிக்கு மட்டும். திரும்பி வரும்போது எந்த நிலையில் இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் இன்னும் சொல்லவில்லை.

அம்மா